எழுதிக் கொடுப்பவர் யார்? – ரியல் எஸ்டேட் உரிமத் தேர்வு குறித்த வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் ரியல் எஸ்டேட் முகவர் உரிமத்திற்குப் படித்துக்கொண்டிருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், தேர்வில் இடம்பெறும் கலைச்சொற்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கு உரிமம் வழங்குவது மாநில அரசுகளின் பொறுப்பு. பெரும்பாலான மாநிலங்களில் தேர்வானது நாடு முழுமைக்கும் பொதுவான பகுதி, அந்தந்த மாநிலச் சட்டத்துக்குரிய பகுதி என இரண்டாகப் பிரிந்திருக்கும். இங்கே சொல்லப்படுபவை பெரிதும் பொதுப்பகுதியைச் சார்ந்தவை. மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சுட்டியிருக்கிறோம்.

கேள்வி: பாடநூலின் கடைசியில் உள்ள சொற்பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. அகரவரிசைப்படி மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். முன்பக்கம் படித்தது பின்பக்கம் போவதற்குள் மறந்துவிடுகிறது. எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது? (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அகரவரிசை தேடுவதற்கு ஏற்பட்டதே தவிர, கற்பதற்கு ஏற்பட்டதன்று. இத்துறையின் சொற்களில் மிகப் பெரும்பாலானவை ஓர் உரிமையைக் குறிப்பவை; ஆகவே ஒவ்வொரு சொல்லிடமும், இந்த உரிமை யாருக்கு, எதன்மீது, எதுவரை என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டால், சொல் தானாகவே தன் இடத்தில் போய் அமர்ந்துவிடும்.

தொடங்கவேண்டிய இடம், ‘ரியல் பிராப்பர்ட்டி’, ‘பர்சனல் பிராப்பர்ட்டி’ என்ற பிரிவுதான். நிலம், நிலத்தோடு நிலையாகச் சேர்ந்தவை, அவற்றை அனுபவிக்கவும் விற்கவும் பிறரைத் தடுக்கவும் உரிய உரிமைகள் ஆகிய அனைத்தும் முன்னதில் அடங்கும். எடுத்துச் செல்லக்கூடிய அசையும் பொருள்கள் பின்னதில் அடங்கும். தேர்வாளர்கள் விரும்பிக் கேள்வி கேட்பது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ‘ஃபிக்ஸ்சர்’ என்பதைப் பற்றி. அசையும் பொருளாக வாங்கப்பட்டு, பின்னர் கட்டடத்தோடு பொருத்தப்பட்டதால் நிலத்தின் பகுதியாகவே ஆகிவிட்ட பொருள் அது. கூரையில் பொருத்திய சரவிளக்கை வீட்டை விற்பவர் கழற்றிக்கொண்டு போகலாமா என்று வழக்கு எழுந்தால், அது எவ்வாறு பொருத்தப்பட்டது, அந்த வீட்டுக்கென்றே அமைக்கப்பட்டதா, தரப்பினருக்குள் என்ன உறவு, பொருத்தியவரின் நோக்கம் என்ன, ஒப்பந்தத்தில் ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். இவற்றுள் நோக்கத்துக்கே பொதுவாக முதன்மை தரப்படுகிறது. ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவிட்டால் மற்றக் கேள்விகளுக்கே இடமில்லை என்பதை நல்ல முகவர் முதல் நாளிலேயே கற்றுக்கொள்கிறார்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வாடகைக் கடையில் முடிதிருத்துபவர் தம் தொழிலுக்காகத் தரையோடு திருகிப் பொருத்திய நாற்காலி ‘டிரேட் ஃபிக்ஸ்சர்’ எனப்படும், அது வாடகைதாரருடையதே. ஆனால் குத்தகைக் காலம் முடிவதற்குள் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பொருத்திய இடத்தையும் சரிசெய்து தரவேண்டும். விட்டுச் சென்றால் அது கட்டட உரிமையாளருக்குப் போய்விடும். ‘எதுவரை’ என்ற கேள்வி இங்கே எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: ‘மார்ட்கேஜர்’ என்றால் கடன் கொடுக்கும் வங்கி என்றுதான் எப்போதும் விடை எழுதுகிறேன்; எப்போதும் தவறாகிறது. கடனைக் கொடுப்பது வங்கிதானே? (டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பயிற்சித் தேர்வுகளில் மிகப் பலர் மதிப்பெண்ணை இழக்கும் இடம் இதுதான். கடனைக் கொடுப்பது வங்கி என்பது உண்மை. ஆனால் இந்தச் சொல் கடனைப் பற்றியதன்று, அடமானத்தைப் பற்றியது. கடனுக்கு ஈடாக வீட்டை அடமானம் எழுதிக் கொடுப்பவர் கடன் வாங்குபவர். ஆகவே அவரே மார்ட்கேஜர். அந்த அடமானத்தைப் பெற்றுக்கொள்ளும் வங்கி ‘மார்ட்கேஜீ’. தமிழ்ப் பத்திரங்களில் ‘எழுதிக் கொடுப்பவர்’, ‘எழுதி வாங்குபவர்’ என்று இரு தரப்பையும் குறிப்பிடும் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேர்வில் ‘அர்’ என்ற ஒலியோடு முடிபவரை எழுதிக் கொடுப்பவராகவும், ‘ஈ’ என்ற ஒலியோடு முடிபவரை எழுதி வாங்குபவராகவும் கொண்டால் குழப்பமே வராது. விற்பவர் கிராண்டர், வாங்குபவர் கிராண்டீ. குத்தகைக்கு விடுபவர் லெஸர், குத்தகைக்கு எடுப்பவர் லெஸ்ஸீ. குறித்த காலத்துக்குள் பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ளும் விருப்பவுரிமையை அளிப்பவர் ஆப்ஷனர், பெறுபவர் ஆப்ஷனீ.

நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அங்கும் கலிஃபோர்னியாவிலும் வீட்டுக்கடனுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ‘டீட் ஆஃப் டிரஸ்ட்’ என்ற ஆவணம். அதில் இரண்டு தரப்புகளுக்குப் பதிலாக மூன்று தரப்புகள் உண்டு. கடன் வாங்குபவர் டிரஸ்டர். கடன் கொடுப்பவர் பெனிஃபிஷியரி. இருவருக்கும் நடுவே நின்று, கடன் தீரும்வரை வீட்டின்மீது பெயரளவிலான உரிமையை வைத்திருப்பவர் டிரஸ்டீ. கடன் தவறினால், பொதுவாக நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வீட்டை விற்கும் அதிகாரத்தை அந்த ஆவணமே டிரஸ்டீக்குத் தந்துவிடுகிறது.

கடன் ஆவணங்களில் ‘பிராமிசரி நோட்’ வேறு, அடமானம் வேறு என்பதையும் மறக்கவேண்டாம். திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதி நோட்டில் இருக்கிறது. தராவிட்டால் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது அடமானத்தில் இருக்கிறது.

கேள்வி: ‘டீட்’, ‘டைட்டில்’ இரண்டும் ஒன்றா? ‘லீன்’, ‘ஈஸ்மென்ட்’, ‘என்கம்பரன்ஸ்’ ஆகியவற்றையும் சற்று விளக்கவும். (இல்லினாயிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஒன்றல்ல. டைட்டில் என்பது உடைமை உரிமை; அதைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. டீட் என்பது அந்த உரிமையை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றும் பத்திரம். பத்திரத்தில் கிராண்டர் கையெழுத்திடவேண்டும். அது கிராண்டீயிடம் ஒப்படைக்கப்பட்டு, அவரால் ஏற்கப்பட்ட அந்தக் கணத்தில் உரிமை மாறுகிறது. வாங்குபவரின் கையெழுத்து பொதுவாகத் தேவையில்லை. பதிவு செய்யாவிட்டால் பத்திரம் செல்லாது என்று பலர் விடையளிக்கிறார்கள். பதிவு, உலகத்துக்கு அறிவிப்புத் தருவது. ‘கன்ஸ்ட்ரக்டிவ் நோட்டீஸ்’ என்று அதைச் சொல்வார்கள். இரு தரப்பினருக்கு இடையே பத்திரம் செல்லுபடியாவதற்குப் பதிவு நிபந்தனையன்று. ஆனால் பதியாதவர், பின்னால் அதே வீட்டை நல்லெண்ணத்தோடு வாங்கிப் பதிந்துகொண்டவரிடம் வீட்டையே இழக்க நேரலாம்.

பத்திரங்களின் வகைகளை அவை தரும் உறுதியின் அளவைக்கொண்டு வரிசைப்படுத்துங்கள். ‘ஜெனரல் வாரன்ட்டி டீட்’ எழுதித் தருபவர், தமக்கு முந்தைய உரிமையாளர்கள் காலத்துக் குறைபாடுகளுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கிறார். ‘ஸ்பெஷல் வாரன்ட்டி டீட்’ எழுதித் தருபவர் தம் காலத்துக்கு மட்டும் பொறுப்பேற்கிறார். ‘ஸ்பெஷல்’ என்ற பெயரைப் பார்த்து இது உயர்ந்தது என்று எண்ணிவிடக்கூடாது. ‘குவிட்க்ளெய்ம் டீட்’ எந்த உறுதியும் தருவதில்லை. எனக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அது இனி உன்னுடையது என்பதோடு நின்றுவிடுகிறது. மணவிலக்கின்போதும், குடும்பத்துக்குள் பெயர் மாற்றும்போதும், பழைய உரிமைச் சிக்கலைத் தீர்க்கும்போதும் அது பயன்படுகிறது.

என்கம்பரன்ஸ் என்பது நாம் அனைவரும் அறிந்த வில்லங்கம். அது பெருங்குடை, லீனும் ஈஸ்மென்டும் அதன் கீழ் நிற்பவை. லீன் பணத்தைப் பற்றியது: அடமானம், செலுத்தாத சொத்துவரி, கூலி பெறாத கட்டட ஒப்பந்ததாரரின் ‘மெக்கானிக்ஸ் லீன்’ போன்றவை. எல்லா லீனும் வில்லங்கம். எல்லா வில்லங்கமும் லீன் அன்று. சொத்துவரி லீன், அதற்கு முன்பே பதிவான அடமானத்தையும் முந்திக்கொண்டு பணம் பெறும் என்பதைத் தேர்வில் எப்படியாவது கேட்டுவிடுகிறார்கள்.

ஈஸ்மென்ட் பணத்தைப் பற்றியதன்று, பயன்பாட்டைப் பற்றியது. வழிநடைப் பாத்தியம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பின்மனைக்காரர் சாலையை அடைவதற்கு முன்மனையின் ஓரமாகச் செல்லும் உரிமை பெற்றிருந்தால், அது ‘அப்பர்ட்டனன்ட்’ வகை. பயன்பெறும் பின்மனை ‘டாமினன்ட்’, சுமையைத் தாங்கும் முன்மனை ‘சர்வியன்ட்’. மனைகள் கைமாறினாலும் உரிமை நிலத்தோடேயே செல்லும். மின்கம்பி இழுக்கும் நிறுவனத்துக்கு உள்ள உரிமை ‘ஈஸ்மென்ட் இன் கிராஸ்’; அதில் பயன்பெறும் மனை என்று ஒன்று இல்லை. அண்டை வீட்டார் உங்கள் குளத்தில் மீன்பிடித்துக்கொள்ள நீங்கள் தரும் வாய்மொழி அனுமதியோ வெறும் ‘லைசென்ஸ்’. நினைத்தபோது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: ஏஜென்ட், புரோக்கர், ரியல்டர் ஆகிய மூன்றையும் எல்லாரும் ஒரே பொருளில் வழங்குகிறார்கள். தேர்விலும் அப்படியே கொள்ளலாமா? (ஃபுளோரிடாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கொள்ளவே கூடாது. புரோக்கர் தம் பெயரில் தொழில் நடத்தவும் தரகுக்கூலி பெறவும் உரிமம் பெற்றவர். ‘சேல்ஸ்பர்சன்’ அல்லது ‘சேல்ஸ் அசோசியேட்’ எனப்படும் தொடக்கநிலை உரிமக்காரரைத்தான் பேச்சுவழக்கில் ஏஜென்ட் என்கிறோம்; அவர் ஒரு புரோக்கரின் கீழ்தான் பணியாற்றலாம். தம் கூலியையும் அந்தப் புரோக்கர் மூலமாகவே பெறவேண்டும். ரியல்டர் என்பது உரிமத்தின் பெயரே அன்று. தேசிய ரியல்டர் சங்கத்தின் உறுப்பினர்கள் மட்டும் பயன்படுத்தக்கூடிய வணிகச்சின்னம் அது. உரிமம் இருந்தும் ரியல்டர் அல்லாதவர்கள் உண்டு.

அடுத்து ‘க்ளையன்ட்’, ‘கஸ்டமர்’ என்ற இணை. முகவர் யாருக்காகப் பணியாற்றுகிறாரோ அவர் க்ளையன்ட்; அவருக்கு நம்பிக்கைப் பொறுப்பு முழுமையாக உண்டு. கீழ்ப்படிதல், விசுவாசம், அறிந்ததை வெளிப்படுத்துதல், இரகசியம் காத்தல், கணக்கு ஒப்புவித்தல், உரிய கவனம் ஆகிய ஆறும் அதில் அடங்கும். முகவர் யாருக்காகப் பணியாற்றவில்லையோ அந்த மறுதரப்பினர் கஸ்டமர்; அவருக்கு நேர்மையும் நியாயமான நடத்தையும் மட்டுமே கடமை. விற்பவரின் முகவர், ‘அவர் இதைவிடக் குறைந்த விலைக்கும் ஒப்புக்கொள்வார்’ என்று வாங்க வந்தவரிடம் சொல்லிவிட்டால் அது கடமை மீறல். ஆனால் கூரை ஒழுகுவது தெரிந்தும் மறைத்தால் அதுவும் தவறு. ஏனெனில் வீட்டின் முக்கியமான குறைபாட்டை மறைக்கும் அளவுக்கு விசுவாசம் நீளுவதில்லை.

இரு தரப்புக்கும் ஒருவரே முகவராவதை ‘டூயல் ஏஜென்சி’ என்பார்கள். பல மாநிலங்கள் எழுத்துவழி ஒப்புதலோடு அதை அனுமதிக்கின்றன. உங்கள் ஃபுளோரிடா அதைத் தடைசெய்து, ‘டிரான்சாக்‌ஷன் புரோக்கர்’ என்ற, எந்தத் தரப்புக்கும் முழு விசுவாசம் இல்லாமல் வரம்போடு உதவும் உறவை வைத்திருக்கிறது. பொதுப்பகுதிக்கும் மாநிலப் பகுதிக்கும் விடை மாறக்கூடிய இடம் இது என்பதால், கேள்வி எந்தப் பகுதியில் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பழைய பாடநூலை வைத்துப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தரகுக்கூலி குறித்த வழக்கில் தேசிய ரியல்டர் சங்கம் செய்துகொண்ட சமரசத்தைத் தொடர்ந்து, 2024 ஆகஸ்ட் 17 முதல், அச்சங்கத்தைச் சார்ந்த, விற்பனைக்குள்ள வீடுகளை முகவர்கள் பகிர்ந்துகொள்ளும் பட்டியல் சேவைகளில் பங்குபெறும் முகவர் ஒருவர், வாங்குபவருடன் எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரே வீட்டைச் சுற்றிக்காட்டவேண்டும். அந்தப் பட்டியல்களில் வாங்குபவரின் முகவருக்கான கூலியைக் குறிப்பிடுவதும் நிறுத்தப்பட்டது. ஆகவே ‘பையர் ரெப்ரசென்டேஷன் அக்ரிமென்ட்’ என்ற சொல் இப்போது அடிக்குறிப்பில் கிடக்கும் சொல்லன்று.

க்ளையன்டின் பணத்தைத் தம் கணக்கில் கலந்துவைப்பது ‘கமிங்க்ளிங்’. அதை எடுத்துச் செலவழித்துவிடுவது ‘கன்வர்ஷன்’. இரண்டுமே உரிமத்தைப் பறிக்கும் குற்றங்கள்.

கேள்வி: நம்மவர்கள் வீடு பார்க்க வரும்போது, ‘நம் ஆட்கள் அதிகமாக இருக்கும் பகுதியாகக் காட்டுங்கள்’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களே கேட்பதைச் செய்வதில் என்ன தவறு? (கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தேர்வுக்கும் தொழிலுக்கும் ஒருசேரத் தேவையான கேள்வி. வாங்குபவர் தாம் விரும்பிய இடத்தில் வாங்கிக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் முகவர், ஒருவருடைய இனத்தையோ சமயத்தையோ பூர்வீக நாட்டையோ கருதி அவரைச் சில பகுதிகளை நோக்கித் திருப்புவதும், சில பகுதிகளைக் காட்டாமல் விலக்குவதும் ‘ஸ்டியரிங்’ என்ற குற்றமாகும். வாடிக்கையாளரே கேட்டார் என்பதும், நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பதும் அதற்குப் பாதுகாப்பாகா. பள்ளி, பணியிடத் தொலைவு, விலை, அறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டு அவற்றுக்குப் பொருந்தும் வீடுகள் அனைத்தையும் காட்டுங்கள். மக்கள்தொகை விவரம் வேண்டுமென்றால் அரசின் கணக்கெடுப்புத் தரவுகளை அவர்களே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்பவர் நம் ஊர்க்காரர் என்பதாலேயே இந்த இடத்தில் நம் முகவர்கள் எளிதில் சறுக்குகிறார்கள் என்று தோன்றுகிறது.

1968ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டம் முதலில் இனம், நிறம், சமயம், பூர்வீக நாடு ஆகிய நான்கு அடிப்படைகளில் பாகுபாட்டைத் தடைசெய்தது. 1974இல் பாலினமும், 1988இல் உடற்குறைபாடும் குடும்ப நிலையும் சேர்ந்து ஏழாயின. குடும்ப நிலை என்றால் மணமானவரா இல்லையா என்பதன்று; 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு வாழ்பவர்களையும் கருவுற்றிருப்பவர்களையும் அது குறிக்கிறது. மண நிலையும் வேறு பலவும் கலிஃபோர்னியா உள்ளிட்ட மாநிலச் சட்டங்களில் கூடுதலாக உண்டு. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில விலக்குகள் இருந்தாலும், 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனப்பாகுபாட்டுக்கு எந்த விலக்கும் தருவதில்லை. அது தனியார் விற்பனைக்கும் பொருந்தும் என்று 1968இல் ஜோன்ஸ் எதிர் மேயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, ‘விலக்கே இல்லாத அடிப்படை எது?’ என்று கேட்டால், இனம் என்பதே விடை.

ஸ்டியரிங்கின் உடன்பிறப்புகள் இரண்டு. இன்ன இனத்தவர் குடிவருகிறார்கள், விலை விழுந்துவிடும் என்று அச்சுறுத்தி வீடுகளை விற்கவைப்பது ‘பிளாக்பஸ்டிங்’. ஒரு பகுதியின் மக்களைக் கருதி அங்கே கடனோ காப்பீடோ தர மறுப்பது ‘ரெட்லைனிங்’. முன்னது முகவர் செய்வது, பின்னது நிதி நிறுவனம் செய்வது என்று பிரித்துக்கொண்டால் போதும்.

கேள்வி: கணக்கு என்றாலே அச்சம். எந்தக் கணக்குச் சொற்களைக் கட்டாயம் படிக்கவேண்டும்? (ஒஹையோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஒரு ‘செக்‌ஷன்’ 640 ஏக்கர், ஒரு ‘டவுன்ஷிப்’ 36 செக்‌ஷன்கள். இம்மூன்றும் நாவில் இருக்கவேண்டும். 1785ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்வழி வந்த இந்தச் சதுர அளவைமுறை உங்கள் ஒஹையோவில்தான் தொடங்கியது. ஒரு செக்‌ஷனின் தென்மேற்குக் கால்பகுதியில் வடகிழக்குக் கால்பகுதி என்றால், 640ஐ நான்கால் வகுத்து, மீண்டும் நான்கால் வகுக்க 40 ஏக்கர் வரும்.

கடன் கணக்கில், கடன் தருபவர் முன்கூட்டியே பெறும் கட்டணமான ‘பாயின்ட்’ என்பது கடன் தொகையில் 1 விழுக்காடு, வீட்டு விலையில் அன்று. 3,00,000 டாலர் கடனுக்கு 2 பாயின்ட் 6,000 டாலர். கடன், வீட்டு மதிப்பில் எத்தனை விழுக்காடு என்று சொல்லும் ‘லோன் டு வேல்யூ’ விகிதத்துக்கு, விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் குறைந்ததையே எடுக்கவேண்டும். 4,00,000 டாலருக்குப் பேசிய வீட்டுக்கு 3,20,000 டாலர் கடன் என்றால் விகிதம் 80 விழுக்காடு. மதிப்பீடு 3,80,000 டாலர் என்று வந்துவிட்டால் அதே கடன் 84 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. 80ஐத் தாண்டியதால், கடன் கொடுப்பவரைக் காக்கும் அடமானக் காப்பீடு கட்டவேண்டிய நிலையும் பொதுவாக வந்துவிடுகிறது.

வாடகைக் கட்டடங்களுக்கு ‘கேப் ரேட்’, அதாவது கட்டடத்தின் மதிப்பில் ஆண்டு நிகர வருமானம் எத்தனை விழுக்காடு என்பது. ஆண்டு நிகர வருமானத்தை அந்த விகிதத்தால் வகுத்தால் மதிப்பு கிடைக்கும்: 36,000 டாலர் வருமானம், 6 விழுக்காடு என்றால் மதிப்பு 6,00,000 டாலர். நிகர வருமானம் காணும்போது கடன் தவணையைக் கழிக்கக்கூடாது. தேர்வாளர் அந்தத் தொகையைக் கேள்விக்குள் வைப்பதே நீங்கள் கழிக்கிறீர்களா என்று பார்க்கத்தான்.

கேள்வி: ‘எமினென்ட் டொமைன்’, ‘கண்டெம்னேஷன்’, ‘எஸ்சீட்’ மூன்றும் அரசு நிலத்தை எடுத்துக்கொள்வதுதானே? (வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பொதுப் பயனுக்காக நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தின் பெயர் எமினென்ட் டொமைன், அதைச் செயல்படுத்தும் சட்ட நடவடிக்கையின் பெயர் கண்டெம்னேஷன். அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தப்படி உரிய இழப்பீடு தரவேண்டும். தனியார் மேம்பாட்டின்வழி வரும் பொருளாதார வளர்ச்சியையும் பொதுப் பயனாகக் கொள்ளலாம் என்று 2005இல் கீலோ எதிர் நியூ லண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், பல மாநிலங்கள் தங்கள் சட்டங்களை இறுக்கிக்கொண்டன. எஸ்சீட்டுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. உயிலும் எழுதாமல், வாரிசும் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து மாநிலத்தைச் சேர்வதே அது. அங்கே இழப்பீடு பெறுவதற்கு எவரும் இல்லை. நிலப்பயன்பாட்டு வரையறையான ‘சோனிங்’, பொதுநலம் காக்க விதிகள் இடும் அரசின் ‘போலீஸ் பவர்’ என்ற அதிகாரத்தைச் சேர்ந்தது. அதில் நிலம் உங்களிடமே இருப்பதால் பொதுவாக இழப்பீடும் கிடையாது.